4. மூத்த பதிவு எது?

இசை சேர்த்து வைத்திருக்கும் வீடுகளில் ஏதோ ஒரு தட்டுக்கோ நாடாவுக்கோ ‘இருப்பதிலேயே இதுதான் பழசு’ என்ற பெயர் நிலைத்திருக்கும். பெரும்பாலும் கண்ணை நம்பிக் கொடுத்த பெயர் அது. தட்டு கனமாக, கறுப்பாக இருக்கும்; விளிம்பு சிதைந்திருக்கும்; லேபிள் மங்கியிருக்கும்; தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்திருக்கும். இவ்வளவு போதும் என்று முடிவுசெய்துவிடுகிறோம். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: ஒரு பதிவின் வயதை, பாடியவரின் குரல் மெழுகிலோ நாடாவிலோ இறங்கிய நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். தட்டு அடிக்கப்பட்ட நாள், கடைக்கு வந்த நாள், வீட்டுக்கு வந்த நாள், பாடகர் பிறந்த ஆண்டு ஆகியவை வேறு வேறு செய்திகள். அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான், உடனே காப்பாற்ற வேண்டிய தட்டு பரணில் வெந்துகொண்டிருக்க, ஆயிரக்கணக்கில் அச்சான தட்டு கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பதிவான நாளைத் தேட வேண்டிய இடம் தட்டின் உள்வட்டத்தில் கீறப்பட்ட ஒரு சிறிய எண்ணிலும், ஒலியிலும் இருக்கிறது. லேபிளின் நிறம் அதற்கு அடுத்த சாட்சிதான்.

தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதை முதலில் பார்ப்போம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டு என்றாலே விடுதலைக்கு முந்தையது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நெடுநேரம் ஓடும் வினைல் எல்.பி. 1948இல் அமெரிக்காவில் வந்துவிட்டது. மேலை நாடுகள் 1950களின் முடிவுக்குள் அரக்குத் தட்டைக் கைவிட்டுவிட்டன. இந்தியாவில் அது 1960களிலும் தாராளமாக அச்சாகிக்கொண்டிருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்து ஓடும் கிராமபோன் பெட்டிதான் இருந்தது என்பது முக்கியமான காரணம். பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டாக வெளியாகின. இன்று உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். ஆகவே உங்கள் கனமான கறுப்புத் தட்டு கறுப்பு வெள்ளைச் சினிமாவின் கடைசிக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. இதன் மறுபுறமும் உண்மை. எஸ். ஜி. கிட்டப்பாவின் நாடகப் பாட்டுகள் பிற்காலத்தில் எல்.பி.யாகவும் கேசட்டாகவும் வந்தன. கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தார். அந்தக் கேசட் 1980களில் வாங்கியதாக இருக்கலாம், பளபளக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கலாம். அதற்குள் இருக்கும் குரல் 1933க்குப் பிந்தியதாக இருக்கவே முடியாது. பக்கத்தில் இருக்கும் அரக்குத் தட்டைவிட அந்தக் கேசட்டின் பதிவு முப்பது ஆண்டு மூத்தது.

பாடகரின் வயதும் நேராக வழிகாட்டாது. வீணை தனம்மாள் பிறந்தது 1867இல். அவர் பெயர் பொறித்த தட்டு கையில் கிடைத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டையே தொட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அவர் கொலம்பியா நிறுவனத்துக்காக வாசித்தது 1930களின் தொடக்கத்தில், முதுமையில், மைக் வந்துவிட்ட பிறகு. அவரைவிட இளையவரான பாடகி கோயம்புத்தூர் தாயி 1917இல் மறைந்துவிட்டார். எனவே தாயியின் தட்டு எதுவானாலும் அதன் பதிவு தனம்மாளின் பதிவைவிடப் பத்தாண்டுகளுக்கு மேல் மூத்தது. பிறந்த ஆண்டு பதிவுக் காலத்தைச் சொல்லாது. மறைந்த ஆண்டோ ‘இதற்குப் பிறகு இல்லை’ என்ற உறுதியான எல்லையைத் தரும். காலம் கணிப்பதில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய கருவி இதுவே, செலவும் இல்லாதது. தாயியைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1912இல் இந்தியாவுக்கு வந்த மோரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவருடைய தட்டின் மீது கொண்ட ஈடுபாட்டில் ‘ராகமாலிகா’ என்ற பியானோ படைப்பை எழுதினார். தாளக்கருவியின் ஒலி வர வேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகச் சொன்னார். கோவைக்காரப் பெண் ஒருவர் ஒலிப்பதிவுப் புனல் முன் நின்று பாடிய சில நிமிடங்கள் பாரிஸ் வரை போய் வேலை செய்திருக்கின்றன. நம் வீட்டுப் பரணில் கிடப்பதும் அத்தகைய ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு அடுத்த வேலையைத் தொடங்குவது நல்லது.

எண்ணை ஏன் நம்ப வேண்டும் என்பது தட்டு பிறந்த முறை தெரிந்தால் விளங்கும். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902இன் பிற்பகுதியில் கல்கத்தா வந்தார். அந்த நவம்பரில் கௌஹர் ஜான் உள்ளிட்டோர் பாடினார்கள். மைக் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை நெருக்கி உரக்கப் பாட வேண்டும். புனலின் மறுமுனையில் இருக்கும் சவ்வு அதிர, அதில் பொருத்திய ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் தடத்தைக் கீறும். அந்த மெழுகு ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போனது. அங்கே அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் தட்டு அடித்து, லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். கலவைக்கு வேண்டிய அரக்கு நம் நாட்டுக் காடுகளில் அரக்குப் பூச்சி சுரப்பதுதான் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. ஹானோவர் தொழிலாளிக்குத் தமிழும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது. எந்த மெழுகில் யார் குரல் என்று அடையாளம் காண இரண்டு வழிகள் இருந்தன. பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்வது ஒன்று. பழைய தட்டுகளின் கடைசியில் ஒலிக்கும் அந்தப் பெருமிதக் குரல் இப்படித்தான் வந்தது. மற்றொன்று, மெழுகிலேயே கீறிய எண். பதிவு செய்த வரிசையில் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. மெழுகிலிருந்து உலோகத்துக்கும், உலோகத்திலிருந்து அரக்குக்கும் பாட்டோடு சேர்ந்தே இறங்கியது. லேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம். இந்த எண் பாட்டின் உடலிலேயே இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை மேட்ரிக்ஸ் எண் என்கிறார்கள்.

லேபிள் சொல்வதைப் புறக்கணிக்க வேண்டியதில்லை, அதன் எல்லையைத் தெரிந்துகொண்டால் போதும். லேபிள் தட்டு அடிக்கப்பட்ட காலத்தைச் சொல்கிறது. ‘கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்’ என்ற பெயர் அச்சாகியிருந்தால் அந்த லேபிள் 1907 முடிவை ஒட்டியோ அதற்கு முன்போ அச்சானது, ஏனென்றால் 1900 முதல் கம்பெனிக்கு இருந்த அந்தப் பெயர் 1907 நவம்பரில் மாற்றப்பட்டது. இறகு கொண்டு தட்டில் எழுதும் தேவதையின் படம் இருந்தால் அது கிராமபோன் கேட்கும் நாயின் படம் வந்த காலத்துக்கு முந்தியது. பிரிட்டனில் 1909 முதல் நாய் லேபிளுக்கு வந்தது, இந்தியத் தட்டுகளில் இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. கல்கத்தாவில் அடித்த தட்டு என்றால் அது 1908க்கு முந்தியதாக இருக்காது, சியால்தா தொழிற்சாலை தொடங்கியது அந்த ஆண்டில்தான். டம்டம் தொழிற்சாலையின் பெயர் இருந்தால் 1928க்குப் பிந்தியது. இவை அனைத்தும் தட்டைப் பற்றிய செய்திகள். சியால்தாவில் அடித்த ஒரு தட்டில் அதற்கு முன்பே எடுத்த மெழுகின் பாட்டு இருக்கலாம். தொடக்கத்தில் தட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே பாட்டு இருந்தது. இரண்டு பக்கத் தட்டு வழக்கத்துக்கு வந்ததும், முன்பு தனித்தனியாக விற்ற பாட்டுகளை முதுகோடு முதுகு சேர்த்து மறுபடியும் விற்றார்கள். அதனால் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களும் ஒரே நாளில் பதிவானவை என்று கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள். லேபிளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் விற்பனைப் பட்டியலுக்கான எண்; கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் உரியது. மேட்ரிக்ஸ் எண் என்று அதைத் தவறாகக் குறித்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

மேட்ரிக்ஸ் எண்ணைப் படிக்கத் தட்டைக் கையில் சாய்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சமோ டார்ச்சோ பக்கவாட்டில் விழும்படி திருப்புங்கள். பாட்டுத் தடம் முடிந்து லேபிள் தொடங்கும் முன் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். எண் அங்கேதான் இருக்கும். சில தட்டுகளில் லேபிள் தாளுக்கு அடியில் புடைப்பாகத் தெரியும். எண்ணோடு ஒட்டியிருக்கும் சிறு எழுத்துகளையும் குறிகளையும் விடாமல் எழுதுங்கள். கிராமபோன் கம்பெனியின் பழைய முறையில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, பதிவு செய்த நிபுணர் யார், தட்டின் அளவு என்ன என்பதைக் குறித்தது. ஆகவே ஒரே எழுத்தைத் தாங்கிய எண்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வெவ்வேறு எழுத்துகளின் வரிசைகளைக் கலந்தால் பத்தாண்டுப் பிழை வந்துவிடும். எண்ணை அடுத்து ஒரு சிறு முக்கோணம் இருந்தால், அது 1925இல் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் மின்பதிவு முறையின் குறி. அப்படிப்பட்ட தட்டு 1925க்கு முந்தியதாக இருக்க முடியாது. குறி கண்ணில் படவில்லை என்பதை வைத்து மட்டும் முந்தியது என்று சொல்லிவிடவும் கூடாது, தேய்ந்து போயிருக்கலாம். எண் கிடைத்ததும் அதை ஆண்டாக மாற்ற அதன் அண்டை எண்களைத் தேட வேண்டும். மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் இந்தியப் பதிவுகளை 1899 முதல் 1908 வரை ஒரு நூலாகவும், 1908 முதல் 1910 வரை இன்னொரு நூலாகவும் தொகுத்திருக்கிறார். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் பட்டியல்களையும் கட்டுரைகளையும் வெளியிட்டிருக்கிறது. உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்களின் காலம் தெரிந்தால் உங்களுடையது இடையில் விழுந்துவிடும்.

இதற்கெல்லாம் நூலும் பட்டியலும் நிபுணரும் வேண்டும், சாதாரண வீட்டில் இது நடக்கிற காரியமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கணிப்பில் மிகப் பெரிய கோடு 1920களின் நடுவில் விழுகிறது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லக் காது போதும். புனல் வழிப் பதிவில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலியும், 3000க்கு மேலே இருக்கும் ஒலியும் மிகச் சொற்பமாகவே விழுந்தன. மிருதங்கத்தைக் கவனியுங்கள். வலந்தலையின் ‘டக்’ மட்டும் மரத்தட்டு போலக் கேட்டு, தொப்பியின் கும்காரம் அறவே இல்லை என்றால் அது புனல் காலம். பாடகர் மூச்செடுப்பது, தம்பூராவின் ஜீவாரி, அறையின் காற்று ஆகியவை காதில் விழுந்தால் மைக் வந்துவிட்டது. புனல் காலத்தில் பாடுகிறவர் உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சம் பின்வாங்குவார், இல்லாவிட்டால் ஊசி தடத்தை விட்டு எகிறிவிடும். அந்தப் பின்வாங்கலும் ஒலியில் தெரியும். பிடில் மங்கி, ஹார்மோனியம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்பதும் அக்காலத்து அடையாளம். மைக் வந்த பிறகுதான் மெதுவாகப் பாடியும் பதிவாக முடியும் என்ற நிலை ஏற்பட்டது. தனம்மாளின் மெல்லிய மீட்டு பதிவில் நிற்க முடிந்ததற்கும் அதுவே காரணம். ஆண்டு துல்லியமாகக் கிடைக்காவிட்டாலும், புனலா மைக்கா என்ற ஒரு முடிவு உங்கள் சேகரிப்பை இரண்டாகப் பிரித்துவிடும். முன்பாதியில் விழுவது அநேகமாக விரல்விட்டு எண்ணக்கூடியதாகத்தான் இருக்கும்.

அடுத்த மறுப்பு குடும்ப நினைவிலிருந்து வரும். ‘இந்த பிளேட் எங்கள் தாத்தா கல்யாணத்துக்கு வாங்கியது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்’ என்பார்கள். இந்த நினைவை அலட்சியம் செய்பவர் நல்ல சேகரிப்பாளர் ஆக மாட்டார். கல்யாண ஆண்டு உறுதியாகத் தெரிந்தால் அது ஒரு மேல் எல்லை: பதிவு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பாடகரின் மறைவு ஆண்டைப் போலவே இதுவும் பயன்படும். ஆனால் அது தட்டு வீட்டுக்கு வந்த கதை. எத்தனை ஆண்டு முந்திப் பதிவானது என்று அந்தக் கதை சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவு பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும், தட்டோடு ஒட்டாது. தாத்தா பெட்டிக்குள் அப்பா 1955இல் வாங்கிப் போட்ட தட்டுக்கும் தாத்தா வயதே வந்து சேர்ந்துவிடும். எனவே வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொண்டு, தட்டு தரும் சான்றோடு பொருத்திப் பாருங்கள். காகித உறையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் கடைக்காரரின் முத்திரை இருக்கலாம், விற்ற ஊரின் பெயர் இருக்கலாம். கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று உறையில் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கப் போய்த் திரும்பிய வரலாறே அதில் இருக்கிறது. அதே சமயம் உறையும் தட்டும் ஒன்றுக்கொன்று உரியவைதானா என்று சந்தேகப்படுங்கள். உறைகள் மாறாத வீடு அபூர்வம்.

சினிமாப் பாட்டுகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். படம் வெளியான ஆண்டைப் பாட்டுப் பதிவின் ஆண்டாக எழுதிவிடுவது எல்லாருக்கும் கைவந்த பழக்கம். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. தொடக்க ஆண்டுகளில் நடிகரே கேமரா முன் பாடினார், படத்தின் ஒலி படச்சுருளோடு இருந்தது. கடையில் விற்ற தட்டுக்காக அதே பாட்டைத் தனியாக மறுபடியும் பாடியிருக்கலாம். படத்தில் கேட்பதையும் தட்டில் கேட்பதையும் அடுத்தடுத்துக் கேட்டுச் சங்கதிகளை ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றா வேறா என்று தெரிந்துவிடும். தட்டுக்காக மூன்றரை நிமிடத்துக்குள் சுருக்கியிருப்பதும் ஒரு தடயம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பில் எழுதியிருக்கும் ஆண்டை எந்தக் காரணம் கொண்டும் அப்படியே நம்பாதீர்கள். அது குறுந்தட்டு வந்த ஆண்டாக இருக்கலாம், யாரோ ஒருவர் ஊகித்ததாகவும் இருக்கலாம். கோப்பில் ஆண்டு பொய்யாக இருந்தாலும் கீறல் பொய் சொல்லாது. ஒரே ‘டிக்’ ஒலி முக்கால் வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒலி எங்கோ ஒரு கட்டத்தில் 78 சுற்றுத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஒன்றே முக்கால் வினாடிக்கு ஒருமுறை வந்தால் எல்.பி.யிலிருந்து எடுத்தது. இரண்டும் கேட்டால் அரக்குத் தட்டு எல்.பி.யாகி, அங்கிருந்து கேசட்டுக்கோ கோப்புக்கோ வந்திருக்கிறது. கணினியில் இன்று சேர்ந்திருக்கும் சேகரிப்புக்கும் இந்த அத்தியாயம் பொருந்துவது இதனால்தான்.

இவ்வளவு நேரம் பேசியது கம்பெனிப் பதிவுகளைப் பற்றி. வீட்டில் எடுத்த நாடாப் பதிவுக்கு மேட்ரிக்ஸ் எண் கிடையாது. அதன் காலத்தை உள்ளே கேட்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963இல், ஆகவே கேசட்டிலேயே நேராகப் பதிந்த குரல் அதற்கு முந்தியதாக இருக்காது. பின்னணியில் ஓடும் வானொலி, அறிவிப்பாளர் சொல்லும் நிகழ்ச்சி, தெருவில் கேட்கும் தேர்தல் பிரசாரம், பேசுகிறவர்கள் குறிப்பிடும் பிறப்பும் இறப்பும் எல்லாம் தேதியாக மாறக்கூடியவை. இங்கே ஒரு தீர்மானத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வயதின் வரிசையும் காப்பாற்றும் வரிசையும் ஒன்றாக இருக்காது. 1910இன் கம்பெனித் தட்டுக்கு உலகில் இன்னொரு பிரதி எங்காவது இருக்கும் வாய்ப்புண்டு. பாட்டி பாடிய தாலாட்டோ, நடவுப் பாட்டோ, ஊர்க் கோயிலில் எடுத்த நாயனமோ இருக்கும் 1978ஆம் ஆண்டுக் கேசட்டுக்கு வேறு பிரதி கிடையாது. நாடாவின் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கினால் அந்தக் குரல் போய்விட்டது. முதலில் பிரதி எடுக்க வேண்டியது அதைத்தான், பிறகே அரக்குத் தட்டுகளுக்கு வரலாம்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, பாட்டு கேட்டால் போதாதா என்பவர்களுக்குச் சொல்லும் விடை இந்த நூலின் மற்றப் பகுதிகளையும் தாங்கி நிற்கிறது: காலம் தெரியாமல் சரியாகக் கேட்கவே முடியாது. ‘78 சுற்று’ என்பது பிற்காலத்தில் நிலைத்த அளவு. புனல் காலத்தில் 70 முதல் 80க்கு மேல் வரை பல வேகங்களில் பதிவு நடந்தது. 74இல் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடியதாகக் கேட்கும், பிருகாக்கள் அவர் போடாத வேகத்தில் பறக்கும். அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் மிக உயர்ந்த சுருதியில் பாடினார்கள் என்று ஒருவர் அதை வைத்து எழுதினால் அது இசைவரலாற்றுப் பிழையாகிவிடும். வேகம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பதிவுகளிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று சாட்சி. பிரான்சில் எதுவார்ட்-லியோன் ஸ்காட் 1860இல் புகைக்கரி பூசிய தாளில் ஒலியைக் கோடாகக் கீறினார். திரும்ப ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. 2008இல் ஆய்வாளர்கள் அந்தக் கோட்டை ஒலியாக்கியபோது ஒரு பெண்ணோ சிறுமியோ பாடுவதாகக் கேட்டது. மறு ஆண்டே, இருமடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறோம், அது ஒரு ஆண் மெதுவாகப் பாடுவது, பெரும்பாலும் ஸ்காட்டே பாடுவது என்று திருத்தினார்கள். நம் இசையில் இதைச் சரிபார்க்க நல்ல வழி இருக்கிறது. ஒரே அமர்வில் பதிந்த அடுத்தடுத்த எண்கள் கொண்ட தட்டுகளை எடுத்து, பாடகரின் ஆதார சுருதி எல்லாவற்றிலும் ஒன்றாக வரும் வேகம் எது என்று பாருங்கள். ஹார்மோனியம் வாசித்திருந்தால் அதன் சுருதி இன்னும் உறுதியான அளவுகோல். இதற்கும் மேட்ரிக்ஸ் எண்தான் துணை.

மூத்தது எது என்று ஓரளவு தெரிந்ததும் அதைப் பழைய கிராமபோன் பெட்டியில் வைத்து ஓட்டிக் கொண்டாட வேண்டாம். அரக்குக் கலவையில் கல்தூள் சேர்த்திருப்பார்கள். எஃகு ஊசி அதில் தேய்ந்து தடத்துக்கு ஏற்ப வடிவம் பெற வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு, அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்றச் சொன்னார்கள். ஊசி தேயும்போது தடமும் தேய்கிறது. வேகத்தை மாற்றக்கூடிய மின் சுழல்மேடையும், 78க்கு உரிய ஊசியும் வேண்டும்; அந்த ஊசியின் முனை ஏறக்குறைய 0.075 மில்லிமீட்டர். எல்.பி. ஊசி அதில் மூன்றில் ஒரு பங்குதான், அது தடத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உருளும். மேடையின் வேகத்தைச் சோதிக்க, நம் ஊர் 50 சுழற்சி மின்சாரத்தில் எரியும் பழைய குழல்விளக்கின் கீழ் 77 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தட்டை வையுங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 78க்கு மிக அருகில் இருக்கிறது. தட்டைக் கழுவச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தையும் தொடாதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும், லேபிள் நனையக் கூடாது. விளிம்பில் காகித அடுக்கு தெரியும் தட்டுக்கு நீரே ஆகாது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிற்கவைத்து வையுங்கள். ஓட்டுக்கூரைக்கு அடியிலுள்ள பரண் வெயில் காலத்தில் அவற்றை வளைத்துவிடும். இரண்டாக உடைந்ததையும் எறிய வேண்டாம். ஊசியே படாமல் தடத்தைப் படம்பிடித்து ஒலியை மீட்கும் முறையை அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். துண்டுகள் இருந்தால்தான் அப்படி எதுவும் நடக்கும்.

பிரதி எடுக்கும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்காத கோப்பாக எடுங்கள். இரைச்சலை நீக்கிய அழகான பிரதி ஒன்று வேண்டுமானால் தனியாகச் செய்துகொள்ளலாம். முதல் கோப்பைத் தொடக் கூடாது. இரைச்சல் யாருக்கு வேண்டும் என்று கேட்பார்கள். கீறலோடு சேர்ந்துதான் வலந்தலையின் விரல் நுனியும் பிடிலின் வில் உராய்வும் பதிவில் இருக்கின்றன. இன்றைய மென்பொருள் ஒன்றை எடுக்கும்போது மற்றதிலும் கை வைக்கிறது, நாளைய மென்பொருள் இன்னும் நன்றாகப் பிரிக்கும். பாட்டு முடிந்த பிறகு வரும் பெயர் அறிவிப்பை வெட்டிவிடாதீர்கள். லேபிளையும் உள்வட்டத்து எண்ணையும் தெளிவாகப் படமெடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். வெளியே பகிர நினைத்தால் மட்டும் பதிவான ஆண்டை விட்டு வெளியான ஆண்டுக்கு வர வேண்டும், சட்டம் அதைத்தான் கணக்கில் கொள்கிறது. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வெளியான தட்டின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டை இயற்றியவரின் உரிமை தனி, அவர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டு ஓடும்; 1973இல் மறைந்த பாபநாசம் சிவன் பாடல்களுக்கு அது 2033 முடிவு வரை இருக்கிறது.

கடைசியாகக் குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, பாடகர், பாட்டு, ராகம், லேபிள் எண், மேட்ரிக்ஸ் எண், புனலா மைக்கா, சரியாகத் தோன்றிய வேகம், குடும்பத்தில் சொல்லப்படுவது என்று எழுதுங்கள். ஆண்டுக்கான இடத்தில் ஒற்றை ஆண்டை எழுதும் ஆசையை அடக்கிக்கொண்டு, ‘1908க்குப் பின், 1917க்கு முன்’ என்பது போல இரண்டு எல்லைகளையும் எழுதி, ஒவ்வோர் எல்லையும் எதிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். புதிய சான்று கிடைக்கும்போது எந்த எல்லையை நகர்த்துவது என்று அப்போதுதான் தெரியும். காகித உறையில் பென்சிலால் எழுதலாம்; லேபிளின் மேல் எதுவும் எழுத வேண்டாம்.